எம்யூஆர் 460 டயோடு என்று கொடுத்தார்கள், உள்ளே இருந்தது 5822

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் டயோடு (கரண்ட்டை ஒரே பக்கம் விடும் பாகம்) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். டயோடுக்குக் கொடுத்த 160 ரூபாய் போனால் போகட்டும், அதோடு ட்ரான்ஸ்ஃபார்மரும் போய்விட்டது எனக்கு.

என்னுடையது அசெம்பிள்டு செட். 5200, 1943 ட்ரான்சிஸ்டர் போட்ட போர்டு, 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர், நாலு 5408 டயோடு, பக்கத்துக்கு ஒரு 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பத்து வருஷமாகக் குறையில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கமாட்டாமல் கெப்பாசிட்டரை 10,000 ஆக்கினேன். ஸ்விட்ச் போட்டதும் காலி கெப்பாசிட்டர் இழுக்கிற இழுப்பில் 2 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு தடவை போனது. அந்தக் கணநேர இழுப்பைத் தாங்கும் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் தேட சோம்பல்பட்டு 5 ஆம்பியரைச் செருகினேன். இது முழுக்க என் தப்பு.

கையோடு டயோடையும் மாற்ற ஆசை வந்தது. சாதாரண டயோடு அணையும்போது ஒரு கணம் கரண்ட்டைப் பின்பக்கம் விட்டுவிட்டுச் சட்டென்று மூடும். அந்த வெட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றில் போய் அதிரும். ஃபாஸ்ட் ரெக்கவரி டயோடில் இது குறைவு. அதனால் 4 ஆம்பியர், 600 வோல்ட் எம்யூஆர் 460 கேட்டேன். (5408-க்குக் குறுக்கே ஆளுக்கொரு 0.01 மைக்ரோஃபாரட் டிஸ்க் கெப்பாசிட்டர் வைத்தாலே பெரும்பாலும் போதும் என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு யார் சொன்னாலும் கேட்டிருக்கமாட்டேன்.)

"ஆடியோ ஸ்பெஷல் சார், இம்போர்ட்டட். ஒண்ணு நாப்பது ரூபா" என்றார் கவுண்டரில் இருந்தவர். எந்தச் செட், எத்தனை வோல்ட் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பில் போட்டா ஜிஎஸ்டி வரும், வேணுமா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

வீட்டில் வந்து சோல்டர் செய்து ஸ்விட்சைப் போட்டால், "உம்ம்ம்" என்று ஒரு உறுமல். ஸ்பீக்கரில் வரும் ஹம் என்று நினைத்து, குனிந்து எர்த் ஒயரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க கருகுது?" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வார்னிஷ் புகை. 2 ஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால் உடனே போய் இதைக் காப்பாற்றியிருக்கும்.

டயோடுகளைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். இரண்டு ஷார்ட். மிச்சம் இரண்டும் 0.17 வோல்ட் காட்டின. கழற்றிப் போட்டிருந்த பழைய 5408-ஐ வைத்தால் 0.5 பக்கம். 0.2-க்குக் கீழே காட்டினால் அது ஷாட்கி, குறைந்த வோல்ட்டிலேயே கரண்ட்டை விடும் வேறு வகை டயோடு. பஞ்சில் தின்னர் தொட்டுத் துடைத்ததும் "எம்யூஆர்" பஞ்சோடு வந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் மங்கலாக 5822. எம்யூஆர் 460-உம் 5822-உம் ஒரே தடிமன், ஒரே கறுப்பு, ஒரே வெள்ளைக் கோடு. பெயரை மட்டும் அழித்து மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்.

5822 மோசமான டயோடு இல்லை. ஆனால் அது தாங்குவது 40 வோல்ட். 24-ஐ 1.414-ஆல் பெருக்கினால் உச்சம் 34. "அப்போ 40 போதுமே" என்று தோன்றும். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். சென்டர் டேப் (24-0-24-இல் நடுவே இருக்கும் 0 ஒயர்) வைத்து பிளஸ், மைனஸ் இரண்டும் எடுக்கும் நாலு டயோடு பிரிட்ஜில், அணைந்திருக்கும் ஒவ்வொரு டயோடும் இரண்டு பக்க வோல்ட்டையும் சேர்த்துத் தாங்கவேண்டும், அதாவது 68. ராத்திரியில் லைன் 250-ஐத் தொட்டால் இன்னும் ஏறும். 200 வோல்ட்டுக்குக் கீழே இந்தச் செட்டுக்கு எதையும் வாங்கக்கூடாது. ஆம்பியரிலும் ஆன் செய்த கணம் தாங்கும் அளவைப் பாருங்கள்: 4007 டயோடுக்கு 30 ஆம்பியர், 5408-க்கு 200. பெரிய கெப்பாசிட்டர் போட்டவர்களுக்கு இந்த எண்தான் முக்கியம்.

மறுநாள் கடைக்குப் போனேன். "சோல்டர் சூட்டுல போயிருக்கும் சார், வித்த பொருள் ரிட்டர்ன் கிடையாது" என்றார். துடைத்துக் காட்டினேன். "எங்களுக்கு வர்றதே அப்படித்தான்." பில் இல்லை, மேலே பேச வழியில்லை. அதே தெருவில் வோல்ட் கேட்டு, பில் போட்டுக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. நான் போன கடை அப்படியில்லை.

ட்ரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் சுற்ற 850 ரூபாய் ஆனது. இப்போது எந்தப் புது டயோடானாலும் முதலில் மீட்டர். அப்புறம் செட்டின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே, டயோடைத் தலைகீழாக, ஒரு 100கே ரெசிஸ்டரோடு வரிசையில் வைத்து ரெசிஸ்டரின் மேல் வோல்ட் பார்க்கிறேன். நல்ல டயோடில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது, 5822-ஐ வைத்தால் பல வோல்ட் நிற்கும். இதையெல்லாம் தாண்டிச் செட்டில் ஏறிய பிறகும் முதல் ஆன் 100 வாட் குண்டு பல்பு சீரிஸில்தான். பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் சரி, எரிந்துகொண்டே நின்றால் உடனே ஆஃப்.

செட்டில் பழைய 5408 நாலும் திரும்ப ஏறிவிட்டன. ஹம் ஏதும் இல்லை. உயிரோடு மிஞ்சிய இரண்டு 5822-உம் மொட்டை மாடியில் 12 வோல்ட் சோலார் பேனலுக்கு வேலை பார்க்கின்றன.