ஸ்கேனரைத் திறந்தால் ஃபோல்டர் தயார், கரண்ட் இருந்தால்

மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கும்பகோணம் வந்திருந்தார். என் லேப்டாப்பில் ஸ்கேன் சாஃப்ட்வேரைத் திறந்ததும் ஃபோல்டர் தானாகத் தயாராவதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதைப் போட்டுக் கொடுங்க" என்றார். இரண்டு வருஷமாக ஓட்டுகிறேன், அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

ஸ்கேன் சாஃப்ட்வேரைத் திறந்த உடனே ஒரு பேட்ச் ஃபைல் (கமாண்டுகளை வரிசையாக எழுதி வைத்த சின்ன ஃபைல்) தானாக ஓடி, 'இன்று' ஃபோல்டரில் நேற்றையது கிடந்தால் அதைத் தேதி போட்ட ஃபோல்டருக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். ஃபோல்டர் காலியானதால் ஃபைல் எண் மறுபடி 001இல் தொடங்கும். தனியாக எதுவும் வாங்க வேண்டாம், சொன்ன நேரத்தில் சொன்ன வேலையைத் தானாக ஓட்டும், விண்டோஸில் இருக்கிற டாஸ்க் ஷெட்யூலரே போதும். ப்ராசஸ் கிரியேஷன் ஆடிட் என்ற விண்டோஸ் கண்காணிப்பை இயக்கிவிட்டால் எந்த ப்ரோகிராம் தொடங்கினாலும் செக்யூரிட்டி லாக் என்ற பதிவேட்டில் 4688 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும், டாஸ்க்கைக் கிளப்பும் ட்ரிகர் அதுதான். விண்டோஸ் ஹோம் எடிஷனில் அந்த ஆடிட்டை இயக்கும் பாலிசி விண்டோ கிடையாது, ஆடிட்பால் (auditpol) என்ற கமாண்டில் போடணும். ஸ்கேன் சாஃப்ட்வேர் தொடங்கினால் மட்டும் டாஸ்க் ஓட, ட்ரிகரின் எக்ஸ்எம்எல் ஃபில்டரில் அந்த ப்ரோகிராமின் முழுப் பாதையையும் எழுதணும், ஓர் எழுத்து தப்பினாலும் அசையாது. அதெல்லாம் ஒரு தடவை வேலை, சரி.

ஐப்பசியில் சம்பா காப்பீட்டுக்கு அடங்கல், சிட்டா, பாஸ்புக் என்று கூட்டம் வாசல் வரை நிற்கும்போது இது கொடுத்த நிம்மதி பெரிது. மூன்றாவது ஆளுக்கு 003, தேடவே வேண்டாம்.

ஆனால் புது டாஸ்க் போடும்போதே கண்டிஷன்ஸ் பக்கத்தில், ஏசி பவர் (பேட்டரி இல்லாமல் நேர் கரண்ட்) இருந்தால் மட்டும் தொடங்கு என்ற டிக் விழுந்தே இருக்கிறது. நான் கவனிக்கவில்லை. பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திய ஒரு நாள், லேப்டாப் பேட்டரியில், ஸ்கேனர் யுஎஸ்பியில், நெட் மொபைலில் என்று வேலை தடையில்லாமல் போனது, டாஸ்க் மட்டும் ஓடவில்லை. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. மூன்றாவதாக வந்த பெரியவருக்கு 003ஐத் திறந்து அப்லோட் பண்ணப் போனேன். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கிரீனையே பார்த்திருந்தவர், "தம்பி, இது நம்ம சர்வே நம்பர் இல்லையே" என்றார். முந்தின நாள் வந்தவரின் அடங்கல் அது. அவர் பார்க்காமல் இருந்திருந்தால், வெள்ளம் வந்து பயிர் மூழ்கினால் அந்த மனிதர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. டாஸ்க் எப்போது ஓடியது என்று காட்டும் ஹிஸ்டரியும் முதலில் அணைத்தே இருக்கிறது, நாம்தான் போய் இயக்கணும். மின்வெட்டு சகஜமான ஊரில் இதைவிட எரிச்சலான ஏற்பாடு வேறு இல்லை.

டிக்கை எடுத்த பிறகு ஒரு நாளும் தவறியதில்லை. இருந்தும் நண்பருக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் கடையில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும், ஓடாவிட்டால் வாய் திறக்காத ஒன்றை நம்பி அடுத்தவர் நிலத்துக் காகிதத்தை விடக்கூடாது. என் லேப்டாப்பில் அது இருக்கிறது, எடுக்கப்போவதில்லை. கரண்ட் போனால் மட்டும் 'இன்று' காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் காகிதத்தை வைக்கிறேன்.