ஹைவேமென், டெத் ப்ரூஃப்: காரே கொலைக்கருவியாகும் இரண்டு படங்கள்

காரால் கொல்பவனின் கதை என்றதும் பலரும் குவென்டின் டாரன்டினோவின் 'டெத் ப்ரூஃப்' (2007) படத்தையே சொல்வார்கள். 2004இல் வெளிவந்த, ராபர்ட் ஹார்மன் இயக்கிய 'ஹைவேமென்' யார் நினைவுக்கும் வருவதில்லை. இது பெரிய அநியாயம்.

'டெத் ப்ரூஃப்' பேச்சிலேயே வளர்கிற படம். கொலைகாரனாக வரும் கர்ட் ரஸ்ஸலின் காரில் ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும்தான் பாதுகாப்பு; பக்கத்தில் உட்கார்ந்தவர் பிழைக்க வழியில்லை. கடைசித் துரத்தலில், பாய்ந்து செல்லும் காரின் பானட் மீது ஸ்டண்ட் கலைஞரான ஸோயி பெல் தானே படுத்துக் கிடப்பது அபாரம். அதுவரை நீளும் அரட்டைக்குத்தான் பொறுமை வேண்டும்.

'ஹைவேமென்' சுமார் 80 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வீணாக ஒரு காட்சி இல்லை. வில்லன் ஃபார்கோ தன் காடிலாக் எல்டொராடோ காரை ஏற்றி ஒரு பெண்ணைக் கொல்கிறான். அவளுடைய கணவன் (ஜிம் கவீசல்) ஆத்திரத்தில் தன் காரால் அவனை மோதிச் சிதைத்துச் சிறைக்குப் போகிறான். வெளியே வந்த பிறகும் வேட்டை தொடர்கிறது. வில்லனின் சக்கர நாற்காலிக்கும் செயற்கை உறுப்புகளுக்கும் நாயகனே காரணம் என்பதுதான் படத்தின் உயிர். யாருடைய பழிவாங்கல் இது என்று நம்மைக் குழப்புகிறது. நாயகி ரோனா மித்ராவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

சாகசத்துக்கு 'டெத் ப்ரூஃப்'. பதற்றத்துக்கு, தயங்காமல் 'ஹைவேமென்'.