மயிலாப்பூரா, அண்ணாநகரா? தண்ணீரைப் பார்த்து எடுத்த முடிவு

சென்னை அண்ணாநகரில் பல வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, சொந்த வீடு என்று வந்தபோது மயிலாப்பூரில் ஒரு பழைய கட்டடத்தில் ரீசேல் ஃப்ளாட் வாங்கினோம். "அவ்வளவு நல்ல ஏரியாவை விட்டுட்டு அந்த நெரிசலுக்கா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நான் மயிலாப்பூர் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். அகலமான சாலை, மர நிழல், கார் நிறுத்த இடம், 2017 முதல் சுரங்க மெட்ரோ, இது எல்லாவற்றிலும் அண்ணாநகர்தான். நடுவக்கரை என்ற கிராமமாக இருந்த இடம் அது. 1968-ல் அங்கே பெரிய வர்த்தகக் கண்காட்சி நடந்தது, டவர் பார்க்கில் இருக்கும் கோபுரம் அப்போது கட்டியதுதான். பிறகு வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து, அவென்யூ, மெயின் ரோடு என்று எண் போட்டு வளர்த்த ஊர். பிளம்பருக்கு போனில் வழி சொல்வதற்குள் ஆள் வந்து நின்றுவிடுவார். பத்து வருடத்துக்கு மேல் யாரையும் ஏறவிடாமல் பூட்டி வைத்திருந்த அந்தக் கோபுரத்தை 2023-ல் மறுபடி திறந்தார்கள், அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

மயிலாப்பூரை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. இங்கே இருக்கும் லஸ் சர்ச்சில் 1516 என்று கல்வெட்டு இருக்கிறது, ஊர் அதைவிட ரொம்பப் பழசு. இன்றைக்கும் தெற்கு மாட வீதியில் காலை ஏழு மணிக்குப் போனால் முளைக்கீரையும் வாழைப்பூவும் வாங்கிக்கொண்டு நடந்தே வீடு திரும்பலாம். பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா அன்று எந்த வண்டியும் உள்ளே வர முடியாது, அதைப் பற்றி இங்கே யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கு மயிலாப்பூர் தினமும் ஒரு போராட்டம்தான், இப்போது மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருப்பதால் இன்னும் மோசம். எங்களிடம் ஸ்கூட்டர் மட்டும்தான்.

சரி, முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர்.

2019 கோடை நினைவிருக்கும். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டுபோய், குழாயில் வரும் தண்ணீர் குறைந்து, லாரிக்கு முன்பதிவு செய்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். அண்ணாநகரில் நாங்கள் இருந்த கட்டடத்தில் ஏற்கெனவே ஆழமாகத்தான் போர் போட்டிருந்தார்கள். அது காற்று வாங்க ஆரம்பித்ததும் இன்னொரு போர் போடலாமா என்று ஃப்ளாட்காரர்கள் சங்கக் கூட்டத்தில் ஒரே சண்டை. மாதப் பராமரிப்புத் தொகையில் பாதிக்கு மேல் 12,000 லிட்டர் லாரிகளுக்கே போனது. அந்த ஏரியா மட்டம் என்று சொல்ல வரவில்லை, மண் அப்படி. அண்ணாநகர், பெரம்பூர், தி.நகர் பக்கமெல்லாம் களிமண். மேலே பெய்கிற மழை சுலபமாக உள்ளே இறங்காது, தெருவில் நின்றுவிட்டு வடிகாலோடு போய்விடும். மழைநீர் சேகரிப்பை 2003-ல் கட்டாயமாக்கினார்கள், எல்லாக் கட்டடத்திலும் குழி இருக்கிறது. ஆனால் களிமண்ணில் அந்தக் குழி களி அடுக்கைத் தாண்டி ஆழமாகப் போனால்தான் பிரயோஜனம். கணக்குக்காக மூன்று, நான்கு அடி தோண்டி ஜல்லி போட்டு மூடிய குழி வெறும் தொட்டிதான்.

மயிலாப்பூர் கடலோர மணல். சம்பந்தர் பாடும்போதே கபாலீச்சரம், அதாவது கபாலீஸ்வரர் கோயில், புன்னை மரங்களும் கழியும் உள்ள கடற்கரையில்தான் இருக்கிறது. அந்தக் கோயில் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்து, இப்போது நாம் பார்க்கும் கோயில் உள்ளே தள்ளிப் பிறகு எழுந்தது. கோயில் இடம் மாறினாலும் ஊருக்கு அடியில் இருப்பது அதே மணல்தான். பெய்யும் மழையை அது அப்படியே குடித்துவிடும்.

எங்கள் கட்டடத்தின் பின்புறம் ஓர் உறைகிணறு இருக்கிறது, எட்டிப் பார்த்தாலே தண்ணீர் தெரியும் ஆழம். மொட்டைமாடியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய ஒரு சின்னத் தொட்டி வழியாக அதற்குள் போகின்றன. முதல் மழைத் தண்ணீரை வெளியே விடத் தனியாக ஒரு மூடி, செப்டம்பரில் மாடியைக் கூட்டிவிட்டு அந்தத் தொட்டியின் மணலை அள்ளிக் கழுவிப் போடுவது கீழ்வீட்டு மாமா. ஐப்பசி அடைமழை முடிந்தபின் கிணற்றைப் பார்த்தால் மூன்றாவது உறை வரை ஏறியிருக்கும். மே மாதம் சோப்பு நுரைக்காமல் அடம்பிடிக்கும் தண்ணீர், கார்த்திகையில் கையில் வழவழவென்று வரும். குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு. லாரி என்ற செலவே எங்கள் கணக்கு நோட்டில் இல்லை.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. இந்த நல்ல தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. ஆழமாக போர் போட்டு பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், ஏறினால் இறங்க வருடங்கள் ஆகும். தெருவில் ஒரே ஒரு கட்டடம் அப்படிச் செய்தாலும் பக்கத்து வீட்டுக் கிணறுகளும் கெடும். அதனால் மயிலாப்பூர் முழுக்கத் தண்ணீர் அருமை என்று நினைக்க வேண்டாம். சாந்தோம் பக்கம் போகப் போக உப்பு கூடுகிறது என்று அங்கே இருப்பவர்கள் சொல்கிறார்கள். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தெருக்களில் நாற்றமும் கொசுவும் வேறு, அங்கே நான் வாங்கியிருக்க மாட்டேன்.

அதேபோல அண்ணாநகரில் நான் இருந்தது டவருக்குக் கிழக்கே மட்டும்தான், மேற்கே எப்படி என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். அந்த 2019-க்குப் பிறகு ஒழுங்காக ஆழக் குழி போட்டு நிலைமையைச் சரிசெய்த கட்டடங்களும் உண்டு. மறுவிற்பனை விலை பற்றி எனக்கு அனுபவம் குறைவு. இரண்டு இடத்திலும் விலை இறங்கி நான் பார்த்ததில்லை, பழைய ஃப்ளாட்டுக்கு யு.டி.எஸ். (மனையில் அந்த ஃப்ளாட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்பதைத்தான் வாங்குபவர்கள் கேட்கிறார்கள்.

வீடு பார்க்கிறவர்கள் எந்த ஏரியாவானாலும் மே மாதத்தில் போய்ப் பாருங்கள். புரோக்கர் ஹாலையும் பால்கனியையும் காட்டுவார். நீங்கள் மொட்டைமாடிக்கு ஏறி, மழைக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கீழே வரை தொடர்ந்து பாருங்கள், அப்புறம் சங்கச் செயலாளரிடம் போன கோடையின் லாரி ரசீதுகளைக் கேளுங்கள்.