கணியம்பாடிக் கிராமங்களில் ஒரு வகுப்பறை: வேலூர் சி.எம்.சி.யின் சமூகப் பயிற்சி குறித்த மதிப்பீடு

மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது படுக்கைகளின் எண்ணிக்கையையும் தேர்ச்சி விகிதத்தையும் விசாரிப்பவர்கள், முதலாண்டு மாணவரை அக்கல்லூரி எங்கே அனுப்புகிறது என்றும் கேட்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. 'சி.ஓ.பி.' (கம்யூனிட்டி ஓரியன்டேஷன் புரோகிராம்) எனப்படும் இந்தச் சமூக அறிமுகப் பயிற்சியில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள், நர்சிங், பிசியோதெரபி போன்ற படிப்புகளின் மாணவர்களோடு ஒரே ஊரில் சில வாரங்கள் தங்கி, வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கிறார்கள்.

இதை முதலாண்டிலேயே வைத்திருப்பதைத்தான் நான் பெரிதும் மெச்சுகிறேன். அப்போது எல்லோருமே ஏறக்குறைய ஒன்றும் அறியாதவர்கள். டாக்டர் சொல்வார், நர்ஸ் செய்வார் என்னும் வார்டு வழக்கம் இன்னும் ஊறியிருக்காது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட முதியவரின் வீட்டுக்குள் நுழையும்போது மருத்துவ மாணவருக்கு ரத்த அழுத்த மாத்திரை நினைவுக்கு வரலாம். கழிப்பறைக்குப் போகும் வழியிலுள்ள உயரமான படி பிசியோதெரபி மாணவியின் கண்ணில் படும். இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது யார் என்று நர்சிங் மாணவி கேட்பார். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே மற்ற இரண்டும் பயன்படும் என்பதை வகுப்பறையில் புரியவைப்பது கடினம்.

இப்பயிற்சிக்குப் பின்பலமாக இருப்பது வேலூர் பாகாயத்தில் உள்ள, இக்கல்லூரியின் சமூகச் சுகாதாரப் பிரிவான 'சாட்' மருத்துவமனை. கிராமச் சுகாதாரப் பணியாளர், செவிலியர், மருத்துவர் எனப் படிப்படியாக அமைந்த அதன் களப்பணி ஆண்டு முழுவதும் நடப்பதால், மாணவர்கள் முன்பின் அறிமுகமில்லாத ஊரில் போய் இறங்குவதில்லை. கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் சாலையோரங்களில் மருந்து கொடுத்த காலத்திலிருந்தே வரும் பழக்கம் இது.

குறை என்றால், தங்கும் காலம் போதாது. வீட்டின் நிலவரம் பிடிபடத் தொடங்கும்போதே புறப்பட வேண்டியிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இவ்விடத்தில் மேலானது. அதில் மாணவர் அதே குடும்பங்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கிறார். ஆனால் அது எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்துக்கு உட்பட்டது என்பதால், அவரோடு அதே வாசலில் ஒரு நர்சிங் மாணவியும் நிற்பதற்கு அதில் வழி செய்யப்படவில்லை.