பழைய குடியிருப்பில் வீடு: சின்ன மனையில் புதியதா, பெரிய மனையில் பழையதா?

இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை என்று வைத்துக்கொள்வோம். புது வீட்டில் வயரிங், குழாய், கூரை எல்லாம் புதிது. குடியேறியதுமே கொத்தனாரைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அடுத்த வீட்டுச் சுவர் 4 அடியில் நின்றால், ஜன்னல் இருந்தும் வெளிச்சம் வராது. நல்ல பகலில் ஒருமுறை, மழை பெய்யும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். உயர்த்திக் கட்டிய வீடு என்றால் மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று கவனியுங்கள். இன்னொன்று, வீடு புதிதானாலும் தெருவின் கழிவுநீர்க் குழாய் பழையதாகவே இருக்கலாம். பலர் இதை விசாரிப்பதே இல்லை.

பழைய வீடு செலவு வைக்கும். கட்டடத்தின் மதிப்பு வயதோடு குறையும். மனைக்கு அந்தக் கவலை இல்லை. பின்னாளில் ஓர் அறை கூட்டலாம், மரம் வளர்க்கலாம். ரிப்பேருக்குக் கையில் பணம் இருந்தால் நான் இதைத்தான் வாங்குவேன்.