டிஸ்சார்ஜ் புக்கில் இல்லாத காயம்

போன நவம்பரில் கடலூர் போய்விட்டு வந்ததைப் பற்றி எழுதுகிறேன். சில்வர் பீச், பிச்சாவரம், கல்யாணச் சாப்பாடு எதுவும் இதில் வராது. லீவின் பெரும்பகுதி ஒரு பழைய மிலிட்டரிக் காகிதத்துக்குப் பின்னால்தான் போனது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் வீட்டில் ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்காவது தோன்றினால் இது உதவும்.

எல்லாம் முட்டி வலியில் ஆரம்பித்தது. பெரியப்பாவுக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு வைத்துக்கொண்டு, வரப்பில் நடப்பதை இன்னும் விடாதவர். இடது முட்டி வீங்கிப் போனதால் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனேன். எம்.ஆர்.ஐ.க்கு முன்னால் ஒரு படிவம் தருவார்கள். பேஸ்மேக்கர் உண்டா, பிளேட் உண்டா, உடம்பில் வேறு உலோகம் உண்டா என்று கேட்டிருக்கும். கவுன்டரில் இருந்த பெண் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் "இல்லை, இல்லை" என்று டிக் போட்டுக்கொண்டே வர, பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். "இருக்குதும்மா. பாகிஸ்தான்காரன் குடுத்தது."

ஸ்கேன் நின்றது. எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பை ஒட்டி நொய்யரிசி அளவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், சற்றுத் தள்ளி இன்னொன்று. ரிப்போர்ட்டில் "உலோக அந்நியப் பொருள்" என்று எழுதித் தந்தார்கள். அந்தத் தழும்பை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். குளத்தில் குளிக்கும்போது கேட்டால் "முள்ளு கீச்சினது" என்பார். நாங்களும் நம்பினோம்.

1971 டிசம்பர் போரில் அவர் மேற்கு முனையில், சக்கர்கர் பகுதியில் இருந்தார். பசந்தர் ஆற்றைத் தாண்ட நம் படைகள் முயன்ற இடம் அது. ஆற்றின் இரு பக்கமும் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தான் எதிரி. முன்னால் போனவர் காலில் ஒன்று வெடித்தது. பின்னால் வந்த பெரியப்பாவின் தொடையில் சில்லுகள் ஏறின. போர்முனைக்குப் பக்கத்திலேயே முதலுதவி தரும் அட்வான்ஸ்டு டிரெஸ்ஸிங் ஸ்டேஷனில் கட்டுப்போட்டு, பதான்கோட் ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெரிய சில்லை எடுத்துவிட்டு, சின்னதுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். சில வாரங்களில் யூனிட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அன்று ராத்திரி, படையிலிருந்து வெளியே வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பார்த்தோம். மூலையெல்லாம் மடங்கி, பாலித்தீன் கவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பதக்கங்கள் என்ற இடத்தில் டைப்ரைட்டரில் அடித்திருந்தார்கள்: பஷ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், சுதந்திர இருபத்தைந்தாம் ஆண்டு மெடல். அதற்குக் கீழே ஒரு கோடு. காயம் என்ற இடத்தில் "இல்லை". மருத்துவ கேட்டகிரி "ஏய்", அதாவது முழு ஆரோக்கியம். எக்ஸ்ரே ஃபிலிமையும் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆளுடையது என்றுதான் தோன்றும்.

எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்ட படையினருக்கு ஒரு பதக்கம் உண்டு. வூண்ட் மெடல் என்று 1973-ல் ஏற்படுத்தினார்கள், பராக்ரம் பதக் என்றும் பெயர். 1947 ஆகஸ்ட் 15-லிருந்து பட்ட காயங்களுக்கு அது செல்லும். வெள்ளை ரிப்பன், நடுவில் சிவப்புக் கோடு. பெரியப்பாவுக்கு இது தெரியும். "கேட்டேன், பார்க்கலாம்னாங்க, அப்புறம் போஸ்டிங் மாறிடுச்சு" என்றார். அத்தோடு விட்டுவிட்டார்.

அடுத்த நாள் டவுனில் பென்ஷன் விவகாரம் பார்க்கும் ஒரு தனியார் ஆசாமியிடம் யாரோ அனுப்பினார்கள். அவர் எக்ஸ்ரேயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வார் இன்ஜுரி பென்ஷனே வாங்கித் தர்றேன், வர்ற அரியர்ஸ்ல பாதி எனக்கு" என்று ஆரம்பித்தார். பெரியப்பா எழுந்து வெளியே வந்துவிட்டார். சரியான முடிவு. பதக்கம் வேறு, பென்ஷன் வேறு. வூண்ட் மெடலுக்கென்று மாதப் பணம் எதுவும் கிடையாது. போர்க்காயப் பென்ஷனுக்கு மெடிக்கல் போர்டு, ஊனம் எத்தனை சதவீதம் என்று வேறு கணக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பினால் ஃபைல் இரண்டு மேசைக்கும் நடுவில் கிடக்கும்.

உருப்படியான யோசனை கிடைத்தது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில். காசு கொடுக்காமல், டோக்கன் எடுக்காமல், உட்கார வைத்துப் பேசினார்கள். அங்கே இருந்த நல அமைப்பாளரும் முன்னாள் படைவீரர்தான். பெரியப்பா சர்வீஸ் நம்பரையும் ரேங்க்கையும் ஒரே மூச்சில் சொன்னதும் அவர் முதுகும் நிமிர்ந்துவிட்டது. புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணே, மெடல் கேக்காதீங்க. பேட்டில் கேஷுவால்டின்னு எழுதின பேப்பரை மொதல்ல கேளுங்க. அது வந்துட்டா மெடலு தானா வரும்."

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நேரம் பிடித்தது. படையில் ஒருவருக்கு என்ன நடந்தாலும், லீவு, கல்யாணம், பிரமோஷன், காயம் எதுவானாலும், யூனிட் அதை பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவில் வெளியிடும். அது ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குப் போய், ஷீட் ரோல் என்ற அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறும். காயத்திலும் இரண்டு வகை. எதிரியால் பட்டது பேட்டில் கேஷுவால்டி. வண்டி கவிழ்ந்தது, வழுக்கி விழுந்தது மாதிரியானவை ஃபிசிக்கல் கேஷுவால்டி. முதல் வகையில் பெயர் இருந்தால்தான் பதக்கத்தைப் பற்றிப் பேசவே முடியும். டிஸ்சார்ஜ் புக் என்பது ஷீட் ரோலைப் பார்த்து வெளியே வரும்போது எழுதிக் கொடுப்பது. அதில் விட்டுப்போனது மூலத்திலும் விட்டுப்போயிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஜவான்களின் ஆவணங்கள் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு. பெரியப்பா எந்தப் பிரிவு என்று இங்கே சொல்லப்போவதில்லை, அங்கே உட்கார்ந்திருப்பவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. பென்ஷன் வாங்காதவர்களின் ஆவணங்களை 25 வருடங்களுக்குப் பிறகு அழித்துவிடும் வழக்கம் உண்டு. பெரியப்பா பென்ஷன்காரர் என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

நியூஜெர்சியில் என் பக்கத்து வீட்டுக்காரர் வியட்நாம் போரில் இருந்தவர். அவருடைய பணிச்சான்றான டி.டி.-214-ல் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் விட்டுப்போயிருந்தது. அதுவும் எதிரியால் பட்ட காயத்துக்குத் தருவதுதான். வாஷிங்டன் 1782-ல் தொடங்கிய பழைய பதக்கம் ஒன்றை 1932-ல் அந்தப் பெயரில் புதுப்பித்தார்கள். அங்கே ஆவணத் திருத்த வாரியம் என்று தனியாக ஒன்று உண்டு. டி.டி.-149 என்ற படிவத்தில் விண்ணப்பித்தால் பரிசீலிப்பார்கள். திருத்தம் டி.டி.-215 என்ற தாளில் வரும். அவரும் வருஷக்கணக்கில் அலைந்துதான் வாங்கினார். 1973-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் சாம்பலாகிவிட்டன. அதில் மாட்டிய பழைய வீரர்களின் பாடு இன்னும் மோசம் என்பார். அமெரிக்காவில் எல்லாம் ஒரு கிளிக்கில் நடக்கிறது என்று ஊரில் நினைக்கிறார்கள். அதற்காகச் சொன்னேன்.

சரி, ஷீட் ரோல் நகலை எப்படி வாங்குவது? தகவல் உரிமைச் சட்டம். ஆன்லைனில் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நான் லேப்டாப்பைத் திறந்து என் பெயரை அடிக்கப் போனபோது தம்பி, அதாவது பெரியப்பா மகன், தடுத்தான். "உன்னால முடியாதுண்ணே. இந்தியக் குடிமகனுக்குத்தான் ஆர்.டி.ஐ." என்னிடம் இருப்பது ஓ.சி.ஐ. கார்டு, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்குத் தருவது. இந்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும். அதனால் பெரியப்பா பெயரில், அவர் மொபைல் நம்பரில் போட்டோம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். எப்படியும் மூன்றாம் ஆளுக்கு இன்னொருவரின் சர்வீஸ் விவரத்தைத் தரமாட்டார்கள், அவர் பெயரில் போடுவதுதான் நல்லது. கேள்வியையும் சுருக்கமாக வைத்தோம்: ஷீட் ரோல் நகல், 1971 டிசம்பர் முதல் 1972 மார்ச் வரையிலான பார்ட் டூ ஆர்டர் பதிவுகள், ஆஸ்பத்திரியில் சேர்த்த விவரம். "ஏன் பதக்கம் தரவில்லை" என்று கேட்கவில்லை. ஏன் என்ற கேள்விக்கு ஆர்.டி.ஐ.யில் பதில் வராது, கையில் இருக்கும் காகிதம்தான் வரும்.

நடுவில் பெயர்த் தகராறு. ஒரே சொல்லாக எழுத வேண்டிய பெயரை மிலிட்டரிக் காகிதத்தில் இரண்டாக உடைத்து, அப்பா பெயரின் இனிஷியலைக் கடைசியில் வைத்திருந்தார்கள். ஆதாரில் வேறு மாதிரி. நவம்பர் என்பதால் உயிர்ச்சான்றும் கொடுக்க வேண்டியிருந்தது. வயலில் உழைத்துத் தேய்ந்த விரல் ரேகை மெஷினில் விழவே இல்லை. கடைசியில் மொபைலில் முகத்தைக் காட்டி முடித்தோம். கண்ணைச் சிமிட்டச் சொல்லும் அந்த ஆப். "பரேடுல கண்ணச் சிமிட்டுனா சார்ஜ் ஷீட்டு, இங்க சிமிட்டுனாத்தான் பென்ஷனா" என்றார் பெரியப்பா. ஸ்பார்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் போர்ட்டலில் அது ஏறியதும் எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. முன்பு பேங்க் வாசலில் நின்ற நாளை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

சாட்சியும் தேடினோம். அவரோடு ஒரே பிளாட்டூனில் இருந்தவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார். கார் எடுத்துக்கொண்டு போனோம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்ட கையோடு பாதி இந்தி, பாதி தமிழில் சண்டை போட ஆரம்பித்தார்கள். அடிபட்டது வலது கால் என்றார் அவர். பெரியப்பா வேட்டியை விலக்கித் தொடையைக் காட்டினார். "அப்ப ஸ்ட்ரெச்சரை நான் எதிர்ப்பக்கமா தூக்கியிருக்கேன் போல" என்றார் நண்பர், அசராமல். தூக்கியவரே அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், இடது கால் என்றே. திரும்பும்போது வண்டியில் இரண்டு கிலோ பருப்பை வைத்துவிட்டார், காசு வாங்கவில்லை.

பெரியம்மாவின் பீரோவிலிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் கிடைத்தது. ஊருக்கு எழுதியது, மேலே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி. "காலில் சிறிய அடி, கவலை வேண்டாம், நெல் விற்ற பணத்தில் மாடு வாங்கவும்" என்று மூன்றே வரி. தேதியும் இருந்தது. அதையும் நகல் எடுத்துச் சேர்த்தோம்.

போஸ்ட் ஆபீசில் ரிஜிஸ்டர் தபால் கேட்டேன். 2025-ல் அதை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களாம். கவுன்டர் அம்மா பொறுமையாக விளக்கி, ஒப்புகைக்கும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார். டிராக்கிங் ஒழுங்காக வேலை செய்தது. இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆர்.டி.ஐ. பதில் நான் அமெரிக்கா திரும்பிய பிறகு வந்தது. தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மங்கிய ஜெராக்ஸ். ஷீட் ரோலில், யாரோ மையில் எழுதிய ஒரு வரி: பேட்டில் கேஷுவால்டி, காயம், சில்லு, இடது தொடை. பக்கத்தில் பார்ட் டூ ஆர்டர் எண். அத்தனை வருஷமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. புக்குக்குள் வரவில்லை, அவ்வளவுதான். இந்த நகலோடு, நல அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதத்தையும் இணைத்துத் திருத்த மனு போனது. மறுத்தால் ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது, ஆனால் அந்த வழிக்குப் போக வேண்டி வராது என்றே அமைப்பாளர் சொன்னார்.

பதக்கம் கைக்கு வர நாளாகலாம். அசல் பதக்கத்தின் விளிம்பில் நம்பரும் பெயரும் வெட்டி வரும். கடையில் விற்கும் டெய்லர் காப்பியை இப்போதே வாங்கிக் குத்திக்கொள்ளலாம் என்று தம்பி சொல்லிப் பார்த்தான். பெரியப்பா முறைத்த முறைப்பில் பேச்சை மாற்றிவிட்டான்.

போன வாரம் ரெக்கார்ட்ஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது: திருத்தத்தைப் பதிய டிஸ்சார்ஜ் புக்கின் அசலைத் தபாலில் அனுப்பவும். பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பீடு போஸ்ட், ஒப்புகை, டிராக்கிங் என்று நானும் வீடியோ காலில் சொல்லிப் பார்த்தேன். "கவர்மெண்ட்டு குடுத்ததுலயே இது ஒண்ணுதான் எங்கையில இருக்குது தம்பி, நானே எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டார். தம்பி ரயில் டிக்கெட் போட்டிருக்கிறான். முட்டிக்காக லோயர் பெர்த் கேட்டிருந்தான், கிடைத்துவிட்டது.