ஆட்டோஹாட்கீ: கேட்டதையெல்லாம் தரும் குறுக்குவிசை மென்பொருள்

விண்டோஸில் ஏறத்தாழ எந்த விசைக்கும் நாம் விரும்பும் வேலையைக் கொடுக்க உதவும் ஆட்டோஹாட்கீ என்னும் இலவசத் திறமூல மென்பொருளை, நாள் முழுவதும் தட்டச்சு செய்பவன் என்ற முறையில் ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். கேட்டதையெல்லாம் அது தருகிறது. கேட்கக் கூடாததைக் கேட்டாலும் தடுப்பதில்லை.

தொடக்கத்தில் நான் கேட்டது அப்படிப்பட்டதுதான். அம்புக்குறி விசைகள் வரை கையைக் கொண்டுபோகச் சோம்பி, இடைவெளி விசையை அழுத்தியபடி ஜே விசையைத் தட்டினால் கர்சர் ஓரெழுத்து இடப்பக்கம் செல்லுமாறு அமைத்தேன். மெதுவாகச் சோதித்தபோது எந்தப் பிசகும் தெரியவில்லை. ஆனால் வேகமாகத் தட்டும்போது, கட்டைவிரல் இடைவெளி விசையை விட்டு எழுவதற்குள் அடுத்த எழுத்துக்கான விரல் இறங்கிவிடுகிறது. தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பில் ஜே விசையில் இருப்பதோ ‘ப’. ‘நல்ல பழக்கம்’ என்று தட்டினால் இடைவெளியும் ‘ப’வும் விழுங்கப்பட்டு, கர்சர் ஒரு படி பின்வாங்கி, திரையில் ‘நல்ழக்கம்ல’ என்று நின்றது. எழுத்து, இடைவெளி, நிறுத்தக்குறி ஆகியவற்றைத் தரும் விசைகளை முன்விசையாக, அதாவது அழுத்திப் பிடித்தபடி வேறொரு விசையைத் தட்டுவதற்கான விசையாக, வைக்கவே கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

முன்விசையாகக் கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடிப்பது பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் வலப்பக்கம் ஆல்ட்ஜிஆர் விசை உள்ள அமைப்புகளில் விண்டோஸ் அந்த விசையைக் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே கொள்கிறது. ஜெர்மன் விசைப்பலகையில் @ குறி ஆல்ட்ஜிஆருடன் கியூ சேர்ந்துதான் வரும். அங்கே கண்ட்ரோல், ஆல்ட், கியூ மூன்றுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டால் மின்னஞ்சல் முகவரியைக்கூடத் தட்ட முடியாது. குறுக்குவிசைகளை எழுதிவைத்த நம் நிரலைப் பிறரிடம் கொடுக்கும்போதுதான் இந்தத் தொல்லை வெளிப்படும்.

இப்போது நான் முன்விசையாக வைத்திருப்பது கேப்ஸ்லாக். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லாததால் அந்த விசை எனக்குச் சும்மாதான் கிடந்தது. அதை எப்போதும் அணைந்தே இருக்கச் செய்ய ஒரு வரி, அதனுடன் எச், ஜே, கே, எல் விசைகளை அம்புக்குறிகளாக்க நான்கு வரிகள், அவ்வளவே. இடது சுண்டுவிரல் வேண்டுமென்றே நீண்டால்தான் அதைத் தொடும் என்பதால் தற்செயலாக விழும் வாய்ப்பு மிகக் குறைவு. குறிப்பிட்ட சாளரத்தில் மட்டும் குறுக்குவிசை இயங்குமாறு வரம்பிடும் வசதிதான் இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது. படத்தொகுப்புச் செயலியில் ஒற்றை எழுத்தையே கட்டளையாக்கிக்கொண்டு, எழுதும் செயலியில் அதே விசையை எழுத்தாகவே விட்டுவைக்க முடிகிறது.

குறைகளும் உண்டு. அமைப்புகளைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்கும் திரை கிடையாது. எல்லாவற்றையும் உரைக்கோப்பில் எழுத வேண்டும். கண்ட்ரோலுக்கு ^, ஆல்ட்டுக்கு !, ஷிஃப்ட்டுக்கு +, விண்டோஸ் விசைக்கு # என்ற குறியீடுகள் மனத்தில் பதியச் சில நாள்கள் பிடித்தன. 2022 டிசம்பரில் வெளியான இரண்டாம் பதிப்பின் இலக்கணம் மாறிவிட்டதால், இணையத்தில் குவிந்திருக்கும் பழைய நிரல்களில் பலவற்றை அப்படியே ஒட்டினால் பிழைச்செய்திதான் வரும். என் கணினியில் வேறொருவர் தட்டச்சு செய்ய அமரும்போது, பணிப்பட்டையில் உள்ள அதன் சின்னத்தை வலச்சொடுக்கிக் குறுக்குவிசைகளை நிறுத்திவைத்துவிட்டே எழுந்திருக்கிறேன்.